வேப்பங்குச்சியா, மூலிகைப் பற்பொடியா, பேஸ்டா? பல்லுக்கும் ஈறுக்கும் எது எந்த வேலைக்கு உதவும்

பல் நலம் குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் மூன்று அடிக்கடி வருகின்றன. பேஸ்டை நிறுத்திவிட்டு வேப்பங்குச்சிக்கோ மூலிகைப் பற்பொடிக்கோ மாறிவிடலாமா என்பது முதல் கேள்வி. ஈறில் ரத்தம் கசிகிறது, திரிபலா நீரால் வாய் கொப்பளித்தால் நின்றுவிடுமா என்பது இரண்டாவது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் வலி நின்றுவிடுகிறது, அதற்கு மேல் பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து "மூலிகை நல்லது" என்றோ "மூலிகையை நம்பாதீர்கள்" என்றோ ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. வாய்க்குள் நடக்க வேண்டிய வேலைகள் வெவ்வேறானவை. ஒரு வேலையைச் சிறப்பாகச் செய்யும் மூலிகையால் இன்னொரு வேலை அறவே ஆகாமல் போகலாம். ஆகவே வேலைகளைப் பிரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் சரியான வழி.

## எதை வைத்து ஒப்பிடுவது

பற்களின் மேல் நாள்தோறும் ஒரு மெல்லிய பிசுபிசுப்பான படலம் படிகிறது. அதில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும்; இது மீண்டும் மீண்டும் நடந்தால் சொத்தை விழும். அதே படலம் ஈறோரத்தில் தங்கினால் ஈறு சிவந்து, வீங்கி, துலக்கும்போது ரத்தம் கசியும். அகற்றாமல் விட்டால் காரையாக இறுகிப் பல்லின் வேர்ப்பிடிப்பையே தளர்த்தும்.

இதிலிருந்து நான்கு வேலைகள் கிடைக்கின்றன: படலத்தை உரசி அகற்றுவது, ஈறின் வீக்கத்தைத் தணிப்பது, எனாமலை அமிலத்திலிருந்து காப்பது, வலி வந்தால் தணிப்பது. ஒவ்வொரு மூலிகையையும் இந்த நான்கில் எதைச் செய்கிறது என்று கேட்க வேண்டும். அதோடு, அது என்ன தீங்கு செய்யக்கூடும், விலையில் தெரியாத செலவு என்ன என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதில்லை. மரத்திலிருந்து இலவசமாக ஒடிக்கும் குச்சிக்கும் ஒரு செலவு உண்டு. அது பல ஆண்டுகள் கழித்துத் தேய்ந்த பல்லாகவோ கீழிறங்கிய ஈறாகவோ வந்து நிற்கும்.

## வேம்பு, ஆல், கருவேல், மிஸ்வாக் குச்சிகள்

குச்சியின் பலம் இரண்டு. மென்ற நார் பல்லை உரசுகிறது. மெல்லும்போது ஊறும் சாறு ஈறில் படுகிறது. வேம்பில் நிம்பிடின் உள்ளிட்ட கசப்புப் பொருள்களும், ஆலிலும் கருவேலிலும் துவர்ப்பு தரும் டானின்களும் உள்ளன. வேப்பஞ்சாறு சேர்ந்த வாய்நீர்மங்களும் பசைகளும் பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைத்ததாகச் சிறிய அளவிலான மருத்துவ ஆய்வுகள் பல உள்ளன. உகாய் மரத்தின் மிஸ்வாக் குச்சியை முறையாகப் பயன்படுத்தியவர்களிடம் அது டூத்பிரஷுக்கு நிகராகப் படலத்தை அகற்றியதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே குச்சியைப் பழங்காலத்துப் பழக்கம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாமே பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லியதாகவும் ஒரு சாண் நீளமாகவும் உள்ள இளங்குச்சியை எடுத்து, நன்றாகக் கழுவி, நுனியில் அரை அங்குல அளவுக்குப் பட்டையை உரித்துவிட வேண்டும். அந்த நுனியைக் கடைவாயில் வைத்துப் பொறுமையாக மென்றால் முதலில் சில்லு சில்லாகப் பிரியும்; அந்த நிலையில் பல்லில் வைத்தால் ஈறு கிழியும். இன்னும் மென்றால் எச்சில் ஊறி நார்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, தூரிகை போல் மிருதுவாகும். அதன் பிறகே துலக்கத் தொடங்க வேண்டும். குறுக்கே இழுக்காமல், ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மேலிருந்து கீழாகவும், கீழ்வரிசைக்குக் கீழிருந்து மேலாகவும் மெதுவாகத் துலக்க வேண்டும். மறுநாள் பயன்படுத்திய நுனியை வெட்டிவிட்டுப் புது நுனியை மெல்ல வேண்டும்; முந்தைய நாள் நுனியை அப்படியே வாயில் வைப்பது கூடாது.

குச்சியால் எட்ட முடியாத இடங்களும் உண்டு. முன்பற்களின் வெளிப்புறம் பளபளவென்று ஆகிவிடும். கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கும், பற்களின் இடுக்குகளுக்கும் நேரான குச்சி போவதில்லை. கண்ணாடியில் தெரியும் பற்கள் சுத்தமாக இருப்பதால் வாய் முழுதும் சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் குச்சியின் மிகப் பெரிய ஆபத்து என்பேன். அடுத்தது தேய்மானம். பல ஆண்டுகள் அழுத்தி, குறுக்கே துலக்கியவர்களின் பற்களில் ஈறோரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். குளிர்ந்த நீர் பட்டாலே கூசும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வரும் வேல், நாட்டுக் கருவேலம். தரிசு நிலமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் வேறு மரம். பெயர் ஒத்திருப்பதை நம்பி அதை ஒடிக்க வேண்டாம். அண்மை ஆண்டுகளில் வேப்பமரங்களைத் தாக்கிவரும் நுனிக்கருகல் நோயால் கிளைகள் பழுப்பேறி நிற்கும் மரங்களையும், பூச்சிமருந்து அடிக்கும் வயலோரத்து மரங்களையும், புகையும் தூசியும் படியும் நெடுஞ்சாலையோரத்து மரங்களையும் தவிர்ப்பது நல்லது.

குச்சி சிறந்த தேர்வாகும் சூழல்: காலையில் நிதானமாகச் செலவிட நேரம் உள்ளவர், பல் இடைவெளிகள் சீரானவர், சர்க்கரை சேர்ந்த தின்பண்டங்களை அதிகம் உண்ணாதவர், இரவில் ஃபுளோரைடு பேஸ்டால் ஒரு முறை துலக்குபவர். ஈறு ஏற்கெனவே இறங்கியவர்களுக்கும், பல்லுக்குக் கம்பி கட்டியவர்களுக்கும் குச்சி பொருந்தாது.

## மூலிகைப் பற்பொடி

கருவேலம்பட்டை, கடுக்காய், கிராம்பு, படிகாரம், இந்துப்பு ஆகியவை சேர்ந்த பொடியால் துலக்கியதும் ஈறு இறுகியது போன்ற உணர்வு கிடைக்கும். துவர்ப்புப் பொருள் ஈறின் மேற்பரப்பைச் சுருங்கச் செய்வதால் வரும் உணர்வு அது. கசிவு சற்றுக் குறையலாம். ஆனால் கசிவுக்குக் காரணமான காரை இடத்தைவிட்டு நகராது.

பொடியில் நான் முதலில் பார்ப்பது அதன் நயத்தை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். மாவு போல் வழுக்கிப் போனால் பரவாயில்லை. நறநறவென்று இருந்தால் அதைப் பல்லில் வைக்கக் கூடாது. செங்காவி கலந்த சிவப்புப் பொடிகள், கரித்தூள், சாம்பல், செங்கல் பொடி ஆகியவை பல்லை வெளுப்பாக்குவது போல் தோன்றுவது எனாமலைச் சுரண்டுவதால்தான். எனாமல் ஒரு முறை போனால் உடம்பு அதைத் திரும்ப உண்டாக்காது. அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியத் தொடங்கும்போது, வெண்மைக்காகத் தேய்த்த பல் முன்பைவிட மஞ்சளாகிவிடும்.

இன்னொரு மறைவான செலவு புகையிலை. பேஸ்டிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. ஆனாலும் உறையும் பெயர்ச்சீட்டும் இல்லாமல் விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பதை அறிய வழியில்லை. ஒரு பொடியால் துலக்கியதும் லேசான கிறுகிறுப்பு வருகிறது, ஒரு நாள் விட்டாலும் மனம் அதையே தேடுகிறது என்றால் அந்தப் பொடியை உடனே நிறுத்துங்கள்.

நயமான பொடி எப்போது நல்லது என்றால், பேஸ்டின் நுரையும் காரமும் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு. அப்போதும் மிருதுவான பிரஷில் தொட்டுத் துலக்குவதே சிறந்தது, ஏனென்றால் விரல் ஈறோரத்து இடுக்கில் புகாது.

## மூலிகைப் பேஸ்டும் ஃபுளோரைடு பேஸ்டும்

சொத்தையைத் தடுப்பதில் இதுவரை சொன்ன எந்தத் தாவரமும் ஃபுளோரைடுக்கு ஈடாகாது. இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஃபுளோரைடு எனாமலின் கனிமத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத ஃபுளோரபட்டைட்டாக மாற்றுகிறது. கரைந்து போன இடங்களில் சுண்ணாம்புச் சத்து திரும்பப் படியவும் துணை செய்கிறது. வேம்போ கிராம்போ பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். எனாமலைத் திரும்பக் கட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளோரைடு பேஸ்டை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது இந்தக் காரணத்தால்தான்.

மூலிகை என்ற பெயரோடு வரும் பேஸ்டுகளில் சிலவற்றில் ஃபுளோரைடு உண்டு, பலவற்றில் இல்லை. பெட்டியின் பின்புறத்தில் சோடியம் ஃபுளோரைடு அல்லது சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்று அச்சிட்டிருக்கிறதா, எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1000 பி.பி.எம். அளவில் இருந்தால் அந்தப் பேஸ்டில் உள்ள கிராம்பும் வேம்பும் கூடுதல் நன்மை. ஃபுளோரைடே இல்லையென்றால், பிரஷின் உரசலும், ஈறுக்கு ஓரளவு உதவியும், வாயின் மணமும்தான் அதில் கிடைக்கும் பலன்.

ஃபுளோரைடு குறித்த அச்சம் தமிழ்நாட்டில் ஆதாரமின்றி எழுந்ததன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் பற்களில் பழுப்புக் கறையும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு எலும்புக் கோளாறும் வந்தன. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அங்கே தீங்கு செய்தது பல ஆண்டுகள் குடித்து உடம்புக்குள் போன ஃபுளோரைடு. துலக்கித் துப்பிவிடும் பேஸ்டின் நிலை வேறு. விழுங்கிவிடும் வயதில் உள்ள குழந்தைகளுக்குத்தான் அளவு முக்கியம்: மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, பெரியவர் பக்கத்தில் நின்று துப்பச் செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையே இன்னமும் குடிக்கும் ஊர்களில் உள்ளவர்கள் குழந்தைக்குப் பேஸ்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தினமும் துலக்குவதற்கான நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

| | குச்சி | மூலிகைப் பற்பொடி | ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட் | ஃபுளோரைடு பேஸ்ட் |
|---|---|---|---|---|
| படலம் அகற்றுதல் | முன்புறம் நன்று, உட்புறமும் இடுக்கும் குறைவு | விரலால் குறைவு, பிரஷால் நன்று | பிரஷைப் பொறுத்தது | பிரஷைப் பொறுத்தது |
| ஈறுக்கு உதவி | உண்டு | ஓரளவு, தற்காலிகம் | ஓரளவு | படலம் அகல்வதால் மட்டும் |
| சொத்தைத் தடுப்பு | குறைவு | குறைவு | குறைவு | மிக நன்று |
| மறைவான செலவு | ஈறு இறங்குதல், நேரம் | எனாமல் தேய்தல், கலப்படம் | சொத்தைக்குக் காப்பு இருப்பதாக எண்ணிவிடுதல் | குழந்தை விழுங்குதல் |

## கொப்பளிக்க: திரிபலா, நல்லெண்ணெய், உப்பு நீர்

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவுக்கு ஈறு விஷயத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. பல் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்நீர்மத்தோடு ஒப்பிட்ட சில ஆய்வுகளில் படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் திரிபலா அதற்கு நெருக்கமாக வந்துள்ளது. குளோர்ஹெக்சிடினை வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவை மாறும். ஆகவே நீண்ட நாள் கொப்பளிக்க வேண்டியவர்களுக்குத் திரிபலா ஏற்ற மாற்று என்று நான் கருதுகிறேன். ஒரு தேக்கரண்டிப் பொடியை ஒரு தம்ளர் நீரில் கொதிக்கவைத்து, பாதியாகச் சுண்டியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வடிகட்டாமல் விட்டால் கப்பி ஈறோரத்தில் தங்கி உறுத்தும். இதிலும் டானின் இருப்பதால் மாதக்கணக்கில் பயன்படுத்தினால் லேசான கறை படிய வாய்ப்புண்டு. அன்றன்று காய்ச்ச வேண்டும் என்பது இதன் மறைவான செலவு. அந்த உழைப்பு ஆகாதென்றால் இரண்டாம் வாரத்திலேயே பழக்கம் விட்டுப்போகும்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பாக்டீரியாவைக் குறைத்ததாகச் சென்னையில் நடந்தவை உட்படச் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. ஆனால் பத்து முதல் இருபது நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் பிரஷால் கிடைக்கும் பலன் பல மடங்கு. வாய் வறட்சி உள்ளவர்களுக்கு இதமாக இருக்கும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களும் சிறு குழந்தைகளும் செய்யவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்த வெந்நீர், வாய்ப்புண்ணுக்கும் பல் பிடுங்கிய மறுநாளிலிருந்தும் எளிய, தீங்கற்ற துணை. பிடுங்கிய அன்றே கொப்பளித்தால் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து வலி கூடும்.

## வலிக்கு: கிராம்புதான், ஆனால் எதுவரை

பல்வலிக்குச் சொல்லப்படும் தாவரங்களில் நவீனப் பல் மருத்துவமே கையில் எடுத்துக்கொண்டது கிராம்பு. கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜெனால் என்ற பொருள். அது வலியைக் கொண்டுசெல்லும் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. பல் மருத்துவர் தற்காலிகமாகக் குழியை அடைக்கும் ஜிங்க் ஆக்சைடு யூஜெனால் கலவையில் இருப்பதும் இதுவே. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த மணம் பெரும்பாலும் கிராம்பினுடையது. நம் ஊரிலேயே நல்ல கிராம்பு விளைகிறது. கன்னியாகுமரிக் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது.

தைலத்தை அப்படியே பஞ்சில் நனைத்து வாயில் அடக்கிக்கொள்வதுதான் பலரும் செய்வது. செறிவான தைலம் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பட்டால் தோல் வெந்து வெள்ளையாக உரியும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று துளி கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, வலிக்கும் பல்லின் குழியில் மட்டும் வைத்து, சில நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். முழுக் கிராம்பு ஒன்றை வலிக்கும் பல்லருகே வைத்து மெல்லக் கடிப்பது இன்னும் பாதுகாப்பானது. குழந்தைகளுக்குத் தைலம் வேண்டவே வேண்டாம். சிறிதளவு விழுங்கியதிலேயே கல்லீரல் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. வேப்பெண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லில் உள்ள புழு விழும் என்ற வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. சொத்தையை உண்டாக்குவது பாக்டீரியாவின் அமிலம்; பல்லில் புழு இல்லை. புகையால் வாயும் தொண்டையும் வெந்துபோகும் என்பதால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிராம்பின் மறைவான செலவுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படும் செலவு. வலி நின்றதும் நோய் நின்றதாக எண்ணி மாதங்களைக் கடத்துகிறோம். எனாமலைத் தாண்டாத சிறு குழியை ஒரே அமர்வில் அடைத்துவிடலாம். அது பல்லின் நடுவே நரம்பு இருக்கும் கூழ் வரை போனால் வேர் சிகிச்சையும் அதற்கு மேல் பல்லை மூடும் தொப்பியும் வேண்டும். செலவு பல மடங்காகும். இன்னும் தாமதித்தால் பல்லையே பிடுங்க நேரிடும். சில வேளைகளில் வலி தானாக நிற்பது நரம்பு செத்துவிட்டதால். அப்போது சீழ் எலும்புக்குள் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே கிராம்பைச் சனிக்கிழமை இரவு வந்த வலிக்குத் திங்கள் காலை வரை தாக்குப்பிடிக்கும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் திங்கள் வரை காத்திருக்கக் கூடாது. சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## யாருக்கு எது

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் காலையும் இரவும் ஃபுளோரைடு பேஸ்ட் தவிர வேறு யோசனை வேண்டாம். மிட்டாயும் பிஸ்கட்டும் தின்னும் வயதில் மூலிகையை மட்டும் நம்புவது சரியல்ல.

வேப்பங்குச்சி பழகிய தாத்தாவையோ அப்பாவையோ அதைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் குச்சி, இரவில் மிருதுவான பிரஷும் ஃபுளோரைடு பேஸ்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையின் அளவையும் கட்டுக்குள் வராமல் தடுக்கும். ரத்தம் கசிந்தால் முதலில் காரையைச் சுத்தம் செய்துகொண்டு, அதன் பிறகு திரிபலா கொப்பளிக்கலாம். வரிசை மாறினால் பலனில்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சித்த முறையில் தொடர விரும்புவோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்குவது வழக்கம். உப்பு நீரும் மிருதுவான பிரஷும் போதும். தைலங்களைத் தவிர்த்துவிட்டு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளலாம்.

வெற்றிலை பாக்கோ புகையிலையோ போடுபவர்களின் வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எதைக் கண்டாலும் மணத்தக்காளிக் கீரையையும் அதிமதுரத்தையும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இது வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் திசுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.